மூன்று பக்கம் தைத்த போர்வை

போன வாரம் என் மருமகளுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால், தையல் மிஷினில் மாட்டுகிற ஒரு கால். "வாக்கிங் ஃபுட் அத்தை. குவில்ட், அதான் அடுக்குப் போர்வை, தைக்க இது இல்லாம முடியாது" என்று சொல்லி, போனில் ஒரு வீடியோவையும் போட்டுக் காட்டினாள். நானும் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டிய பிறகு நமக்கெல்லாம் பாதி நாள் இப்படித் தலையாட்டுவதிலேயே போய்விடுகிறது, இல்லையா? எனக்கு இது தெரியும் என்று நாம் வாயைத் திறந்தால், எங்கே கதை கேட்க வேண்டி வருமோ என்று பிள்ளைகளுக்குப் பயம்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு நேரம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. குத்துக்கல்வலசையில் இந்தப் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து பேச்சுக்குக்கூட ஆள் கிடையாது.

அந்த மாதிரி ஒரு மிஷின் காலை நான் முதலில் பார்த்தது ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, தென்காசியில், ஒரு குற்றால சீசன் சமயத்தில். அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தோம். காத்திருக்கிறோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

குழந்தை என் சித்திக்கு. சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. ஆலங்குளத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன் அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன. முதலாவது பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவது மூன்று நாள் இருந்தது. இது மூன்றாவது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அக்கா வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. ஆனி பிறந்ததும் சித்தப்பா அவளைப் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு, நேரே குற்றாலத்துக்குப் போய்விட்டார். சீசன் முடிகிறவரை ஐந்தருவியில் அவருக்குப் பழக்கடை. வாரம் ஒருமுறை ஒரு பை நிறைய ரம்புட்டானோடு வருவார். வந்தால் சித்தியின் வயிற்றைப் பார்க்கவே மாட்டார். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு "சாப்ட்டியா?" என்று கேட்பார். சித்தியும் உத்தரத்தைப் பார்த்து "சாப்ட்டேன்" என்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

எல்லாம் அம்மா போட்ட சட்டம். பிள்ளை பிறக்கும் முன் எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அம்மா அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டாள். வளைகாப்பு கிடையாது. தொட்டில் கம்பு பரணை விட்டு இறங்கக் கூடாது. பேர் யோசிக்கக் கூடாது. 'பாப்பா' என்கிற சொல்லே வீட்டுக்குள் வரக் கூடாது. ஒருநாள் பால்காரம்மா சித்தியை ஏற இறங்கப் பார்த்து, "நடையப் பாத்தா பொம்பளப் பிள்ளதான்" என்று ஆரம்பித்தாள். அம்மா பாலையே வாங்காமல் வெறும் செம்போடு உள்ளே வந்துவிட்டாள். அன்றைக்கு எல்லோருக்கும் கடுங்காப்பி.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்தபடியே இருக்கும். வெயில் எட்டிப் பார்க்கும், அதற்குள் பொசுபொசுவென்று தூற ஆரம்பிக்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், கொடி கட்டி, அப்பாவின் வேட்டிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்போம். கரிச் சட்டியில் நெருப்புப் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் என் பள்ளிக்கூடப் பாவாடையை அம்மா காய வைப்பாள். வகுப்பில் என்மேல் புகை வாசம் அடிக்கும். எல்லாப் பிள்ளைகள்மேலும் அடித்ததால் யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை.

அப்படி ஒரு மத்தியானம், ஈரக் காற்றுக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சித்தி என் காதில் சொன்னாள்: "ஏட்டி, இந்தக் குளிர்ல வந்து பிறந்தா அதுக்குக் குளிருமேட்டி."

'அது' என்று சொன்னதே எனக்குத் திக்கென்றது. அம்மா கொல்லையில் இருந்தாள். சித்தி மறுபடியும் காதுக்குள், "ஒரு போர்வ தைக்கப் போறேன். உங்கம்மைட்ட மூச்சு விட்ட, உன்னக் கொன்னே போடுவேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மாவின் தையல் மிஷின் ஒன்று இருந்தது. கறுப்பு நிறம், காலால் மிதிப்பது. எனக்கு நினைவு தெரிந்து ஒரு காலத்தில் அது ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. மூடியைப் போட்டு, மேலே பழைய பேப்பர்க் கட்டும் புளிப் பானையும் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. பெரியவர்கள் எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று அந்த வயதில் யாருக்குக் கேட்கத் தோன்றுகிறது?

சித்தி அம்மாவிடம் போய், "யக்கா, குத்தாலத்துல ஒரு லாட்ஜுக்காரர் ஒட்டுப் போர்வ கேக்காராம். சீசனுக்கு வாரவங்களுக்குக் குளிருதாம். உன் மிஷின்ல தைக்கட்டா?" என்று கேட்டாள். பொய் சொல்லும்போது சித்திக்குக் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் செக்கச் சிவந்திருந்தன.

அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தைச்சுக்கோ. என்ன மட்டும் கூப்பிடாத" என்றாள்.

துணி சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போட மாட்டார்கள், பழைய துணிதான் என்பது உங்களுக்குத் தெரியும். சித்தி இன்னும் ஒரு படி மேலே போனாள். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளர்கிற வீட்டுச் சேலையாக இருக்க வேண்டுமாம். நான் வீடு வீடாகப் போய் முதலில் "உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?" என்று கேட்பேன். பதில் திருப்தியாக இருந்தால்தான் "பழைய சேல இருக்கா?" என்பேன். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு எட்டு. எட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கு, என் உசுர வாங்கிக்கிட்டு. என்னத்துக்குட்டி கேக்க?"

"குத்தாலத்து லாட்ஜுக்குப் போர்வ தைக்கணும்."

"லாட்ஜுல படுக்கவனுக்கு என் பிள்ளக் கணக்கு என்னத்துக்கு?" என்று சிரித்தவள், மறுநாள் ஒரு நீலச் சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவளுக்கு அப்போதே விஷயம் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தெருவில் எல்லோருக்குமே தெரிந்திருக்கும்.

ஒரு வீட்டில் நான் கணக்குக் கேட்க மறந்துவிட்டேன். தெருக்கோடியில் இருந்த அந்த அக்கா நல்ல மஞ்சள் சேலை ஒன்றைத் தந்துவிட்டாள். கொண்டுவந்து காட்டியதும் சித்தி முகம் மாறிவிட்டது. அந்த அக்காவின் மகன் போன வருஷம்தான் காய்ச்சலில் போனான். "திருப்பிக் குடுத்துட்டு வரட்டா சித்தி?" என்றேன். சித்தி அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "வேண்டாம்ட்டி. திருப்பிக் குடுத்தா அவ மனசு என்ன பாடுபடும்? அவளும் என்ன மாதிரிதான். இது உள்ள இருக்கட்டும்" என்று சொல்லி, வெளியே தெரியாதபடி நடு அடுக்கில் வைத்தாள்.

போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே சேலைத் துண்டுகளைச் சதுரம் சதுரமாக ஒட்டியது. நடுவில் அந்த மஞ்சளும், அப்பாவின் நைந்த கம்பளியில் வெட்டிய ஒரு துண்டும். அடியில் சித்தப்பாவின் பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்து வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் தையல் ஓட்ட வேண்டும். சொல்வது சுலபம். மிஷினுக்கு அடியில் இருக்கும் பல் இருக்கிறதே, அது அடித்துணியை மட்டும்தான் கடித்து இழுக்கும். மேலே இருக்கிற கால் சும்மா அமுக்கிக்கொண்டு நிற்கும். ஒற்றைத் துணிக்கு அது போதும். மூன்று அடுக்கு என்றால் அடித்துணி முன்னால் ஓட, மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். ஒரு கோடு தைத்து முடிப்பதற்குள் மேலே இருப்பது ஒரு பக்கம், கீழே இருப்பது ஒரு பக்கம். சித்தி பிரிப்பாள், தைப்பாள், மறுபடி பிரிப்பாள். மிஷின் சத்தம் கேட்டதும் அம்மா கொல்லைக்குப் போய்விடுவாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் குளிக்க ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார் அப்பா. சித்தி குளிக்கக் கூடாது என்பதால் பழக்கடையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். அருவி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா சித்தப்பாவிடம் கேட்டாள்: "போர்வ கேட்டது எந்த லாட்ஜு?"

சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. வேட்டி எதற்கு என்று கேட்காமலே கொடுத்த மனிதர் அவர். "எந்த லாட்ஜு மதினி?" என்று திருப்பிக் கேட்டார். சித்தியின் காது சிவந்தது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவருக்குக் கையால் என்னென்னவோ ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், அப்புறம் அருவியைப் பார்த்தார். "ஆமா... லாட்ஜு. பெரிய லாட்ஜு மதினி. மாடியெல்லாம் இருக்கு" என்றார். அம்மா தலைமுடியை முடிந்துகொண்டாள். தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன், பாருங்கள்.

இனி சொல்லப்போவதை என் பிள்ளைகளிடம்கூட நான் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் சித்தி கோணிப்போன ஒரு கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தன்னை அறியாமல் அவள் வாய் ஒரு தாலாட்டை முணுமுணுத்தது. இரண்டு வரிகூட இருக்காது. அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்ன பாட்டு அது? நிறுத்து."

சித்தி நிறுத்திவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நேரே அடுக்களை வாசலில் போய் நின்று கத்தினேன்: "உனக்கு அந்தப் பாப்பா வரவே வேண்டாம்! அதான் எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்ங்க! அது செத்துப் போனா உனக்குச் சந்தோசம்!"

பளார் என்று என் கன்னத்தில் விழுந்தது. அடித்தது அம்மா இல்லை. என்னை ஒருநாளும் கைநீட்டி அடிக்காத சித்தி. அவளுக்காகப் பேசப்போய் அவளிடமே அடி வாங்கினேன். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள். பிறகு, "அவள அடிக்காத. சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அன்றைக்குச் சித்திமேல்தான் கோபம். அம்மாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அம்மா முப்பது வருஷத்துக்கும் மேல் இருந்தாள். அந்தச் சொல்லுக்காக ஒருதடவைகூட அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எத்தனையோ மத்தியானங்கள் அவளும் நானும் தனியாக உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறோம்.

போகட்டும். காலுக்கு வருகிறேன்.

அடுத்த வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். சித்தி படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஒருநாள் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் நர்ஸாக இருந்த அவருடைய தங்கை எப்போதோ அனுப்பியதாம். "வாக்கிங் ஃபுட்னு போட்டிருக்கு. கெட்டித் துணி தைக்கதுக்காம். நான் மாட்டிக்கூடப் பாக்கல" என்றார். உள்ளே ஒரு காகிதமும் இருந்தது. அதில் இருந்தது இங்கிலீஷ்கூட இல்லை, வேறு ஏதோ மொழி; டீச்சருக்கே புரியவில்லை.

சாதாரணக் கால் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். இது தீப்பெட்டி அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. அதன் அடியிலும் பல் இருந்தது. மேல்துணியை அது கடித்துக்கொள்ளும், அடித்துணியை மிஷின் பல் கடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து எட்டு வைத்து நடக்கும். அதுதான் அதன் சூட்சுமம். பக்கவாட்டில் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனை கவட்டையாகப் பிரிந்திருந்தது. சித்தியும் நானும் பழைய காலைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, திருகை முறுக்கி, மிதித்தோம். கவட்டைக் கை எங்கேயும் சேராமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஏதோ அழகுக்கு வைத்திருப்பான் என்று விட்டுவிட்டோம்.

முன்னைவிட மோசமாகிவிட்டது. அந்தக் கனமான கால் துணியைப் போட்டு அமுக்கியதே தவிர, ஒரு அடி நகரவில்லை. கீரைக்காரம்மாவின் நீலச் சதுரம் நடுவில் கொசுவம் கொசுவமாகச் சுருங்கிவிட்டது. சித்தி மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணும் கூடி வராதுட்டி. நான் தொட்டது எதுவும் கூடி வராது" என்று அவள் சொன்னது போர்வையைப் பற்றி இல்லை என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் வாசல்படியில் அம்மா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து, அந்தக் காலையே பார்த்தாள். சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். ஊசி இறங்கியது, ஏறியது. ஊசியை இறுக்கிப் பிடித்திருந்த சின்னத் திருகும் கூடவே இறங்கி ஏறியது. அம்மாவின் கண் அந்தத் திருகிலேயே இருந்தது.

"கவட்டைய சும்மாவா வச்சிருப்பான்?" என்றாள். "இது அந்தத் திருகு மேல உக்காரணும்லா? ஊசி ஏறும்போதுல்லா இது காலத் தூக்கி வைக்கும். இத அந்தரத்துல விட்டா அது எப்பிடி நடக்கும், மூதி?"

கையை நீட்டிக் கவட்டையைத் திருகின்மேல் ஏற்றி வைத்தாள். அவ்வளவுதான். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மிதித்தாள். டக் டக் டக் என்று ஒரு புதுச் சத்தம். மேல்துணியும் அடித்துணியும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்தே நகர்ந்தன. நான் கைதட்டிவிட்டேன்.

"அப்பிடியே நீயே தைச்சுக் குடுத்துரு யக்கா. உனக்குத்தான் கோடு நேரா வரும்" என்றாள் சித்தி.

அம்மா கையைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி இழுத்துக்கொண்டாள். "என் கை இதுல பட வேண்டாம்."

"லாட்ஜுப் போர்வதானக்கா."

"ஆமா, லாட்ஜு! ரெண்டு முழப் போர்வைய எந்த லாட்ஜுலட்டி கேக்கான்? அங்கன என்ன, கைப்பிள்ளைங்களா ரூம் எடுத்துத் தங்குது?"

சித்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெருத்தெருவாகப் பொய் சொன்னோம், ஜாடை காட்டினோம், எல்லாம் செய்தோம். லாட்ஜுக்குப் போகிறவன் ஆறடி இருப்பான் என்பது மட்டும் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் மூத்ததுக்கு இதே மிஷின்லதான் பன்னெண்டு சட்ட தைச்சேன். கழுத்துல பூப்போட்டு. ஒண்ணகூடப் போட்டுக்கிடாமப் போச்சு. ரெண்டாவதுக்கும் சும்மா இருக்காம உக்காந்தேன். மூணே நாளு. அதுக்கப்புறம் நான் ஊசில நூல் கோக்கல. என் கைதான் சரியில்ல. நீ நல்லா இருக்கணும், அதுக்குத்தான் நான் எதுவும் தொடல."

"டாக்டரு கழுத்துல கொடி சுத்திக்கிட்டுன்னு சொன்னாருல்லா? உன் கை என்னக்கா செய்யும்?"

"டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

என் அம்மா விவரம் இல்லாதவள் இல்லை. எட்டாவது வரை படித்தவள். பூனை குறுக்கே போனால் நிற்காதவள், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கும் அப்பாவைக் கேலி செய்பவள். அப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாகத் தன் கையையே குற்றவாளியாக்கி வைத்திருந்தாள். அந்த வீட்டில் அப்பா இருந்தார், நான் இருந்தேன். யாருக்கும் தெரியவில்லையே. தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

சித்தி பிடிவாதக்காரி. போர்வையை விடமாட்டேன் என்றாள். கடைசியில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். "சரி, தை. ஆனா நாலு ஓரத்தையும் மடக்கித் தைச்சிராத. மூணு பக்கம் தைச்சிட்டு ஒரு பக்கத்த அப்பிடியே பிசிறா விட்டுரு. நாலு பக்கமும் தைச்சாத்தான போர்வ? கேட்டா, இன்னும் முடியலன்னு சொல்லிக்கிடலாம்."

"யாரு கேக்கப் போறா?" என்றேன் நான்.

அம்மா வாயைத் திறக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே காட்டினாள். சித்தியும் மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே கொடியில் அப்பாவின் வேட்டிதான் தொங்கியது. ஆனாலும் எனக்கு அது முழுசாகப் புரிந்தது. மூன்று பேரும் சேர்ந்து ஒருவரை ஏமாற்றப் போகிறோம். மூன்று பக்கம் தைத்த போர்வை டிரங்குப் பெட்டிக்குள் போனது.

ஆடியில் ஒருநாள் காலையில் சித்திக்கு வலி கண்டது. குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மா வேண்டுமென்றே வெறுங்கையோடு போனாள். பன்னிரண்டு மணிக்குப் பெண்குழந்தை. அழுதது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், எனக்கே கேட்டது. நர்ஸம்மா வந்து, "ஒரு துணிகூடவா கொண்டாரல? மூணாவது பிரசவம்ங்கீங்க!" என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் தாயார் ஒரு பழைய சேலைத் துண்டைக் கொடுத்தாள். குழந்தையை அதில்தான் சுற்றினார்கள்.

சித்தப்பா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சாரலில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். குழந்தையைக் காட்டினால் சுவரைப் பார்த்தார். இன்னும் பயம். அம்மாவும் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தை மட்டும் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். முதல் நாள் போனது. இரண்டாம் நாள் போனது. மூன்றாம் நாள் வந்தது. குழந்தை கொஞ்சம் அதிகம் தூங்கினால் சித்தி மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். டாக்டர் வந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சை யார் நம்பினார்கள்?

நாலாம் நாள் காலை நான் போனபோது குழந்தை கட்டிடமே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. சித்தப்பா அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அதன் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்து, "வாட்டி, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்தாள். மிஷினில் அந்தக் கால் அப்படியே இருந்தது. நாலாவது ஓரத்தை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தாள். கவட்டை திருகின்மேல் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் செய்துவிட்டு, ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. நீ தை."

"நானா?"

"உன் கை பிள்ளக் கை. ஒண்ணும் ஆவாது. நேரா வராட்டியும் பரவால்ல."

உட்கார்ந்தேன். எனக்கு மிதிக்கத் தெரியாது. மிதித்ததும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் பட்டென்று அறுந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்துக் கட்டில்காரர்கள் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் பாப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். பெரிய ஞானம் எல்லாம் எனக்கு இல்லை. சிணுங்கிக்கொண்டே சொன்னேன்:

"நீயே தையேம்மா. எனக்கு எல்லாச் சட்டையும் நீதான தைச்ச? பிறந்ததுலயிருந்து நீ தைச்சதத்தான போட்டேன்? நான் இருக்கேன்லா?"

அம்மா என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, புதிதாக யாரையோ பார்க்கிற மாதிரி. நான் போட்டிருந்த பாவாடையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். நான் வளர வளர இறக்கிவிடுவதற்காக அவளே உள்ளே மடித்துத் தைத்திருந்த ஓரம் அது.

"எந்திரி" என்றாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து, அறுந்த நூலை எடுத்து, முனையை உதட்டில் வைத்து நனைத்தாள். ஊசிக்கண்ணுக்குக் கொண்டுபோனாள். நூல் பக்கத்தில் போய்விட்டது. மறுபடி நனைத்து, மறுபடி கொண்டுபோனாள். மறுபடியும் தப்பியது. மூன்றாவது தடவை நூலை என்னிடம் நீட்டினாள்.

"நீ கோத்துத் தாட்டி. எனக்குக் கண்ணு தெரியல."

அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நான் கோத்துக் கொடுத்தேன்.